உள்ளங்கால் இடும் உத்தரவு

சென்ற ஆண்டு ஒரு மாலை, கரமனையில் எங்கள் இல்லத்தில், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த ரசத்தை இளைய குமாரி கைமீது கவிழ்த்துக்கொண்டாள். சில வாரங்களில் புதுத் தோல் மூடிவிட்டது. ஆயினும் முழங்கையருகே ஓரிடத்தில் வடு நின்றுவிட்டது. “ஒரே கைதானே அப்பா, இங்கே மட்டும் ஏன்?” என்று கேட்டாள். விடை தேடிப் படித்தவற்றை நேயர்களுக்குச் சொல்கிறேன்.

நம் உடலின் உயிரணுக்களில் ஏறக்குறைய அனைத்திலும் ஒரே மரபணுத் தொகுதியே உள்ளது. ரயில்வேயில் எந்த நிலையத்திலும் விதிநூல் ஒன்றுதான். ஆனால் பாயிண்ட்ஸ்மேன் பார்க்கும் பக்கம் வேறு, பார்சல் குமாஸ்தா பார்க்கும் பக்கம் வேறு. தோலிலும் அவ்வாறே. மேல்தோலின் அடிவரிசையில் ஓயாது பெருகும் உயிரணுக்களில் கெரட்டின் 5, 14 என்னும் புரதங்களின் மரபணுக்கள் விழித்திருக்கின்றன. உயிரணு மேலேறத் தொடங்கியதும் அவை அடங்கி, கெரட்டின் 1, 10 ஆகியவற்றின் மரபணுக்கள் விழிக்கின்றன. மேலே செல்லச் செல்ல மிகும் கால்ஷியமும் ஓர் உத்தரவாகும். பின்னர் லோரிக்ரின், பிலாக்ரின் முதலிய புரதங்கள் தோன்றுகின்றன. இறுதியில் உயிரணு தன் உட்கருவையே இழந்து, செதிலாகி, நமக்கு மதிலாகிறது. இந்த யாத்திரைக்குச் சுமார் நான்கு வாரங்கள்.

இவற்றையெல்லாம் மேற்பார்வையிடுவதில் பி63 என்னும் புரதத்துக்குப் பெரும் பங்குண்டு. அதன் மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் மேல்தோலே இன்றிப் பிறந்ததாக 1999-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

என்னை மிகவும் வியக்கவைத்தது கெரட்டின் 9. அது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டுமே மிகுதியாக உண்டு. வேறிடத்து மேல்தோல் உயிரணுக்களை உள்ளங்காலின் அடித்தோல் உயிரணுக்களோடு சேர்த்து வளர்த்தால், அவையும் கெரட்டின் 9-ஐ உண்டாக்கத் தொடங்குகின்றன. குடியேறிய ஊரின் பாஷையை நம் பிள்ளைகள் கற்றுக்கொள்வது போலத்தான்! கீழுள்ள நிலமே மேலிருப்பதற்கு உத்தரவிடுகிறது.

குமாரியின் கேள்விக்கு விடையும் இங்கேதான். அடிவரிசையோ மயிர்க்கால்களோ பிழைத்த இடத்தில் தோல் முறைப்படி மீண்டும் எழுந்தது. சூடு அடித்தோல் வரை ஆழ இறங்கிய இடத்தில் அந்த நிலமே கெட்டது, வடு வந்தது.

அந்த நிலத்தைச் சீர்செய்யும் முயற்சி நம் ஊரிலேயே நடந்துள்ளது. பூஜப்புரை சாடல்மண்ட் அரண்மனையிலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தின் ஆய்வுப் பிரிவார், பன்றியின் பித்தப்பையிலிருந்து உயிரணுக்களை நீக்கி, எஞ்சிய மெல்லிய சவ்வைப் புண்மீது ஒட்டும் மருந்துப் பட்டையாக்கினர். கோலிடெர்ம் என்று அதற்குப் பெயர். எலி, முயல், நாய் ஆகியவற்றின் புண்கள் வடுக் குறைந்து ஆறின; 2023-இல் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அனுமதி வழங்கியது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று பதற்றத்தில் நான் குழந்தையின் கையில் பேனா மையைத் தடவினேன். வைத்தியர் அதைக் கண்டு, “வீட்டில் குழாய் இல்லையா? இருபது நிமிஷம் தண்ணீரில் காட்டியிருந்தால் சூடு இவ்வளவு ஆழம் போயிராதே” என்றார். குழாய் அடுப்பிலிருந்து நான்கடி தூரத்தில் இருந்தது.