காவிரிப் படுகையும் ஆல்பத்தின் காலி இடங்களும்

அஞ்சல் தலை சேகரிக்கத் தொடங்குவோர் கைக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் கடைகளில் விற்கும் கலவைப் பொட்டலமே. பல நாடுகளின் பல காலத்துத் தலைகள் தொடர்பின்றிக் கலந்து கிடக்கும் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து ஆல்பத்தில் அடுக்கத் தொடங்கியதும், நிரம்பிய கட்டங்களைவிட நிரம்பாத கட்டங்களே மிகுதியாகத் தெரிகின்றன. இந்தியத் தலைகளை மட்டும் சேர்ப்பது என்று முடிவு செய்தாலும் நிலைமை பெரிதும் மாறுவதில்லை. 1852-இல் சிந்துப் பகுதியில் வெளியான 'சிந்து டாக்' தலையில் தொடங்கி, 1854-இல் நாடு முழுமைக்கும் பொதுவாக வெளிவந்த விக்டோரியா தலைகள், ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் காலத்து வரிசைகள், விடுதலைக்குப் பின் ஆண்டுதோறும் வெளிவந்துகொண்டிருப்பவை என்று அந்த வரலாறு நீள்வதால், அதை முழுமையாக நிரப்புவது நடுத்தரக் குடும்பத்துப் பள்ளி மாணவருக்கு மட்டுமல்லாமல் வசதி படைத்தவர்களுக்கும் கைகூடாத ஒன்றாகவே இருந்துவருகிறது. சேகரிப்பவர் தம் ஆல்பத்துக்கு ஓர் எல்லையை வகுத்துக்கொண்ட பிறகே எது காலி இடம், எது தேவையற்ற இடம் என்பது தெளிவாகிறது. அந்த எல்லையைச் சொந்த மண்ணிலேயே வகுத்துக்கொள்ள முடியும் என்பதற்குக் காவிரிப் படுகை மிகப் பொருத்தமான சான்று.

இப்படுகையில் பிறந்தோர், வாழ்ந்தோர், எழுந்த கட்டடங்கள், நடந்த நிகழ்வுகள் ஆகியவற்றைக் குறித்து இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட தலைகளை மட்டும் ஒருவர் தேடத் தொடங்கினால், அவருக்கு முதலில் எதிர்ப்படுவது கர்நாடக இசையின் மும்மூர்த்திகள். மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள்; ஆனால் மூவருக்கும் ஒரே சமயத்தில் தலை வெளியிடப்படவில்லை. தியாகராஜருக்கு அவர் மறைந்த நாளான ஜனவரி 6 அன்று, 1961-ஆம் ஆண்டில், 15 நயா பைசா மதிப்பில் தலை வந்தது. முத்துசாமி தீட்சிதருக்கு 1976 மார்ச்சில் 25 பைசா தலை வந்தது. மூவரில் வயதில் மூத்தவரும் 1762-இல் பிறந்தவருமான சியாமா சாஸ்திரிக்கோ 1985 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தலையின் மதிப்பு 1 ரூபாய். கச்சேரி மேடையில் ஒரே மூச்சில் சொல்லப்படும் மூன்று பெயர்களை ஆல்பத்தின் ஒரே பக்கத்தில் சேர்க்க அஞ்சல் துறைக்கே ஏறத்தாழ 25 ஆண்டுகள் தேவைப்பட்டிருப்பதால், ஏதோ ஓர் ஆண்டின் தலைகளை மட்டும் வாங்கி வைத்திருக்கும் தொடக்கநிலைச் சேகரிப்பாளரிடம் இவற்றுள் ஒன்றிரண்டு விடுபட்டிருப்பது இயல்பே.

இங்கு ஒரு வேறுபாட்டை விளக்குவது அவசியம். அன்றாடக் கடிதப் போக்குவரத்துக்காகப் பல ஆண்டுகள் தொடர்ந்து அச்சிடப்படுபவை பொது வரிசைத் தலைகள்; ஒருவரையோ ஒரு நிகழ்வையோ போற்றுவதற்காகக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அச்சிடப்பட்டு, விற்றுத் தீர்ந்ததும் மீண்டும் அச்சுக்குப் போகாதவை நினைவு அஞ்சல் தலைகள். மும்மூர்த்திகளின் தலைகள் மூன்றும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்பதால் அவற்றை இன்று அஞ்சலகச் சாளரத்தில் கேட்டுப் பெற முடியாது. ஆயினும் தியாகராஜர், தீட்சிதர் தலைகளின் மதிப்பு அந்தந்தக் காலத்துச் சாதாரணக் கடிதக் கட்டணத்தோடு ஒத்திருந்தமையால் அவை வீட்டுக் கடிதங்களில் ஏராளமாக ஒட்டப்பட்டன. முத்திரை குத்தப்பட்ட நிலையில் அவை இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன. பழைய வீடுகளில் கம்பியில் குத்தித் தொங்கவிடப்பட்ட கடிதக் கட்டுகளும், மரப்பெட்டிகளில் நில ஆவணங்களோடு சேர்த்து வைக்கப்பட்ட உறைகளும் கலவைப் பொட்டலங்களைவிடச் சிறந்த இருப்பிடங்கள்.

மும்மூர்த்திகளைக் கடந்தால் பட்டியல் இசைக்கு அப்பாலும் விரிகிறது. கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜனுக்கு 1962 டிசம்பரில் 15 நயா பைசா தலை. அதே ஊர்க் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றியவரும் உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவருமான உ.வே. சாமிநாதையருக்கு 2006 பிப்ரவரியில் 5 ரூபாய்த் தலை. மயிலாடுதுறைப் பக்கத்தவரான எழுத்தாளர் கல்கிக்கு 1999-இல் ஒன்று. வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் பங்கேற்ற சர்தார் வேதரத்தினத்துக்கு 1998-இல் ஒன்று. காந்தியடிகளின் தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறை சென்று இளவயதிலேயே உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மைக்கு 2008-இல் ஒன்று. தஞ்சையில் 1995 ஜனவரியில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி ஒரு தலையும், பெரிய கோயிலின் ஆயிரமாண்டு விழாவையொட்டி 2010 செப்டம்பரில் 5 ரூபாய்த் தலையும் வந்தன. அறுபதுகளில் வந்த இராமானுஜனுக்கும் தொண்ணூறுகளின் இறுதியில் வந்த வேதரத்தினத்துக்கும் இடையில் நீண்ட காலம் கடந்திருப்பதைக் காணும்போது, எவரை நாடு முதலில் நினைத்தது, எவரைக் காலந்தாழ்த்தி நினைத்தது என்பதும் ஆல்பத்தில் பதிவாகிவிடுகிறது. ஆகவே இத்தகைய பக்கத்தைப் பிறந்த ஊர் வரிசையில் அமைப்பதைவிட வெளியான ஆண்டு வரிசையில் அமைப்பதே பயனுள்ளது.

இவற்றுள் அண்மைக் காலத்தவற்றைத் தேடுவதற்கு அஞ்சல் துறையின் வழி ஒன்று உள்ளது. 200 ரூபாய் செலுத்தித் தலைமை அஞ்சலகத்தில் 'ஃபிலாட்டலி டெபாசிட் அக்கவுண்ட்' என்னும் சேகரிப்பாளர் வைப்புக் கணக்கைத் தொடங்கினால், புதிதாக வெளியாகும் தலைகள் அக்கணக்கிலிருந்து விலை கழிக்கப்பட்டு வீட்டு முகவரிக்கே வந்து சேரும். இனிமேல் ஏற்படக்கூடிய இடைவெளிகள் இதனால் தவிர்க்கப்படும். ஆறு முதல் ஒன்பது வரை படிக்கும் மாணவர்களுக்காக 2017-இல் தொடங்கப்பட்ட 'தீன் தயாள் ஸ்பர்ஷ்' உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும் பள்ளி அஞ்சல் தலைக் கழக உறுப்பினராகவோ இத்தகைய கணக்கு உடையவராகவோ இருத்தல் வேண்டும். ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் இத்திட்டத்தைப் பற்றிப் படுகையின் கிராமப்புறப் பள்ளிகள் தம் மாணவர்களிடம் எடுத்துச் சொல்வது பெரும் நன்மையாக இருக்கும்.

பணம் செலவழிக்காமல் நிரப்பக்கூடிய இடைவெளிகளும் உண்டு. அவற்றைத் தேடவேண்டிய இடம் சேகரிப்பாளர் தம்மிடம் இருப்பவற்றின் மறுபடிகள் என்று ஒதுக்கி வைத்த பெட்டி. 1957 ஏப்ரல் 1 அன்று தசம நாணய முறை நடைமுறைக்கு வந்தபோது இந்திய வரைபடத்தைத் தாங்கிய பொது வரிசை வெளியானது. பார்வைக்கு ஒரே தோற்றம் கொண்ட இவ்வரிசை இருவகைத் தாள்களில் அச்சிடப்பட்டது. தாள் தயாரிப்பின்போதே உட்பதிக்கப்படும், ஒளிக்கெதிரே பிடித்தால் தென்படும் வடிவத்துக்கு நீர்க்குறி என்று பெயர். தொடக்கத்தில் வந்த தலைகளில் நட்சத்திரங்களே நீர்க்குறியாக அமைந்தன. 1958 முதல் வந்தவற்றில் அசோகத் தூணின் சிங்கத் தலைப்பு அமைந்தது. தலையை இடுக்கியால் எடுத்து, முகப்பு கீழே இருக்குமாறு கரிய தாளின் மேல் வைத்துச் சற்றே சாய்த்துப் பார்த்தால், தாளின் முதுகில் சிறு நட்சத்திரங்களின் விளிம்போ சிங்கங்களின் கீழுள்ள பீடத்தின் கோடோ மங்கலாகத் தெரியவரும். ஒரே மாதிரியானவை என்று பத்துத் தலைகளை நண்பருக்குக் கொடுத்துவிட்டவர், தம் ஆல்பத்தின் இரண்டாம் வரிசைக்குரியவற்றையும் அவற்றோடு சேர்த்துக் கொடுத்திருக்கக்கூடும்.

இதைவிட எளிதில் கண்ணுக்குப் புலப்படும் சான்று 1949 ஆகஸ்டு 15 அன்று வெளியான தொல்பொருள் வரிசையில் உள்ளது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளை நினைவூட்டும் நடராசர் உருவம் அதில் 2 அணாத் தலையாக வந்திருப்பதால் படுகைச் சேகரிப்பாளர் இவ்வரிசையை விட்டுவிட முடியாது. அதன் 1 அணாத் தலையில் போதிசத்துவர் சிற்பம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி அச்சாகிவிட்டது. பிழை உணரப்பட்டு, 1950 ஜூலையில் திருத்திய வடிவம் வெளியிடப்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காதவரை இந்த வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. இத்தகைய நுட்பங்களைக் குறித்துக் காட்டும் நூலே கேட்லாக் எனப்படும் விலைப்பட்டியல். இந்தியத் தலைகளுக்குக் கொல்கத்தாவிலிருந்து வெளிவரும் 'ஃபிலா இந்தியா', இங்கிலாந்தின் 'ஸ்டான்லி கிப்பன்ஸ்' ஆகியவை பரவலாகக் கையாளப்படுகின்றன. முதல் நூறு தலைகளுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியைக் கேட்லாக்குக்கு ஒதுக்குபவர் நாளடைவில் அதைவிடப் பன்மடங்கு மிச்சப்படுத்துவார்.

நிரப்ப முயலவேண்டாத இடங்களும் உண்டு. காந்தியடிகள் மறைந்த ஆண்டான 1948-இல், ஆகஸ்டு 15 அன்று, சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் அச்சிடப்பட்ட நான்கு தலைகள் வெளியாயின. ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா ஆகிய மூன்றையும் பொறுமையாகத் தேடினால் பெற்றுவிடலாம். நான்காவதான 10 ரூபாய்த் தலையோ, அந்த நாளில் 10 ரூபாய் என்பது பெருந்தொகையாக இருந்தமையால் குறைவாகவே விற்பனையாகி, இன்று மிக உயர்ந்த விலையை எட்டியிருப்பதோடு போலிகளுக்கும் இடமளித்திருக்கிறது. தொடக்கநிலையில் இருப்பவர் அவ்விடத்தைக் காலியாகவே விட்டுவைப்பது நல்லது. மலிவாகக் கிடைத்தது என்று ஐயத்துக்குரிய ஒன்றை ஒட்டி வைத்த பக்கத்தைவிட வெற்றிடமுள்ள பக்கமே மதிப்புடையது.

கிடைத்தவற்றைக் காப்பதும் இடைவெளியை நிரப்புவதில் சேரும். உறையில் ஒட்டியிருக்கும் பழைய தலையைப் பிய்த்தெடுக்காமல், தாளோடு சேர்த்து வெட்டி, இளஞ்சூடான நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டால் பசை கரைந்து தலை தானே நழுவும்; அதைத் தலைகீழாக மை உறிஞ்சும் தாளின் மேல் உலர்த்தி, பின்னர் கனமான நூலுக்கடியில் அழுத்தி வைக்க வேண்டும். வண்ணத் தாளின் சாயம் நீரில் இறங்கித் தலையைக் கறைப்படுத்தும் என்பதால் அத்தகைய தாளில் ஒட்டிய தலைகளைத் தனியே நனைக்க வேண்டும். முத்திரை தெளிவாகவும் முழுமையாகவும் விழுந்திருந்தால் நனைக்காமல் உறையோடு வைத்துக்கொள்வதே முறை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையின்போது படுகையின் காற்றிலுள்ள ஈரம் பயன்படுத்தப்படாத தலைகளின் பசையை இளக்கி ஒன்றோடொன்று ஒட்டச் செய்துவிடுகிறது. தாளில் பழுப்புநிறத் துருப்புள்ளிகளும் அப்பருவத்தில்தான் தோன்றுகின்றன. ஆல்பங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வைப்பதும், தை பிறந்ததும் நிழலில் விரித்துக் காற்றாட விடுவதும் எளிய காப்பு முறைகள்.

முத்திரையைப் பேண வேண்டும் என்பதற்குப் படுகை தரும் மிகச் சிறந்த காரணம் காரைக்கால். 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்து, 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்ட இவ்வூரில் பிரிட்டிஷ் இந்தியத் தலைகளினின்று வேறான பிரெஞ்சிந்தியத் தலைகள் வழங்கின. 1892-இல் தொடங்கிய அத்தலைகளில் பிரான்சின் குடியேற்றங்கள் அனைத்துக்கும் பொதுவான வடிவம் இருந்தது. 1914-இல் பிரம்மனையும் புதுச்சேரிக்கு அருகிலுள்ள கோயிலையும் காட்டும் உள்ளூர் வடிவங்கள் வந்தன. 1923-இல் பிராங்கு, சாந்தீம் என்னும் மதிப்புகள் நீங்கி, 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய் என்னும் கணக்கில் புதிய மதிப்புகள் மேலச்சாகப் பதிக்கப்பட்டன. புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்துக்கும் ஒரே தலைகள்தான் என்பதால், ஒரு தலை காரைக்காலுக்குரியது என்று காட்டக்கூடியது அதன் மேல் விழுந்த முத்திரை ஒன்றே. அம்முத்திரை விழுந்த உறையை நனைத்துத் தலையை மட்டும் பிரித்தெடுத்தவர் காரைக்காலை இழந்துவிடுகிறார்.

இதற்குச் சில கல் தொலைவில் வடக்கேயுள்ள தரங்கம்பாடியின் நிலை வேறு. டென்மார்க் அவ்வூரை 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. அந்நாட்டின் முதல் அஞ்சல் தலையோ 1851-இல்தான் வெளிவந்தது. எனவே டேனியத் தரங்கம்பாடிக்கென ஆல்பத்தில் கட்டம் வரைய வேண்டிய தேவையே இல்லை. தற்காலத்துக்கு வந்தால், 1972 ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கொண்டு ஊர் முத்திரைகளை வரிசைப்படுத்தலாம்: மயிலாடுதுறைப் பகுதிக்கு 609, திருவாரூருக்கு 610, நாகப்பட்டினத்துக்கு 611, கும்பகோணத்துக்கு 612, தஞ்சாவூருக்கு 613, மன்னார்குடிப் பகுதிக்கு 614. நிர்வாகத்தில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்ததாயினும் காரைக்காலின் எண்ணும் 609 என்றே தொடங்குவதால், 1954-க்கு முந்தைய பிரெஞ்சு முத்திரையையும் இன்றைய இந்திய முத்திரையையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வைக்கலாம்.