கொடியடுப்பு போதுமா? தலைவாஸின் ரைடர் வரிசை எப்படி இயங்குகிறது

புரோ கபடி ஏலம் நெருங்கினால் ஜமுனாமரத்தூர் டீக்கடையிலும் மூன்று கட்சிகள் முளைத்துவிடும்.

"ஒரு பெரிய கையா வாங்கிப் போடணும்ப்பா. அவன் பாடிப் போனாலே எதிராளி பின்னால நகரணும்."

"பெரிய கைக்குக் கொட்டிக் கொடுத்து என்னத்தக் கண்டோம்? நாலு சின்னப் பசங்கள எடுத்தா ஓடியாடி பாயின்ட் கொண்டாருவாங்க."

"அதெல்லாம் இருக்கட்டும், நம்ம ஊருப் பசங்க எத்தன பேரு டீம்ல இருக்காங்க?"

மூன்று பேருக்குமே வீரர்களின் பெயரும் விலையும் அத்துப்படி. ஆனால் தமிழ் தலைவாஸ் அணியின் ரைடர் (பாடிப் போகிறவர்) வரிசையை எப்படித் திருப்பிக் கட்டுவது என்று பேசும்போது, இந்த ஆட்டத்துக்கே உரிய ஒரு விதியை யாரும் இழுப்பதில்லை. கபடியில் அவுட் ஆனவன் திரும்பி வரலாம். ஆனால் தானாக வர முடியாது. யாராவது அவனைக் கொண்டுவர வேண்டும். ரைடர் வரிசையின் மொத்தக் கணக்கும் அந்த 'யாராவது'வில்தான் இருக்கிறது. விறகடுப்பில் சமைத்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

அடுப்பின் அமைப்பு

மண்ணால் போட்ட பெரிய அடுப்பு. அதன் பக்கச் சுவரில் ஒரு துளை. அதை ஒட்டிக் கொடியடுப்பு. விறகு வைப்பது பெரிய அடுப்பின் வாயில் மட்டும்தான். துளை வழியாகப் போகும் சூட்டில் கொடியடுப்பு வேலை செய்யும். பெரிய அடுப்பில் சாமைக்கு உலை வைத்துவிட்டு, கொடியடுப்பில் குழம்பை ஏற்றிவிடலாம். ஒரே விறகில் இரண்டு வேலை.

சிக்கல் பெரிய அடுப்பு அணையும்போது வரும். கொடியடுப்புக்குச் சொந்தத் தீ கிடையாது. உலையோடு சேர்ந்து குழம்பும் அடங்கிவிடும். சாமை சீக்கிரம் வேகிற தானியம். பாதி வேக்காட்டில் தீ போனால் சோறு விதை விதையாக நிற்கும். திரும்ப மூட்டத் தணல் வேண்டும். அது தனியாக எரியும் இன்னொரு அடுப்பில்தான் கிடைக்கும்.

கபடியில் முதல் ரைடர்தான் பெரிய அடுப்பு. அவர் எதிரணியில் இரண்டு மூன்று பேரைத் தொட்டு வெளியேற்றினால் களம் காலியாகும். அடுத்துப் போகிற ரைடருக்கும் வேலை லேசாகும். அந்த இரண்டாவது ரைடர் கொடியடுப்பா, தனி அடுப்பா? டீக்கடையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

அணைந்தால் என்ன நடக்கும்

ஓர் ஆட்டத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். இரண்டு பக்கமும் 7 பேர். நம் முதல் ரைடர் போகிறார், பிடிபடுகிறார். எதிரணிக்கு ஒரு புள்ளி. நம் ஆள் பெஞ்சில்.

அவர் திரும்ப வர முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. நம் இன்னொரு ரைடர் எதிராளி ஒருவரைத் தொட்டுவிட்டு வர வேண்டும். அல்லது நம் தடுப்பாட்டக்காரர்கள் வருகிற ரைடரைப் பிடிக்க வேண்டும். வெளியேற்றும் ஒவ்வோர் எதிராளிக்கும் நம் பக்கம் ஒருவர் உள்ளே வருவார், அதுவும் வெளியே போன வரிசைப்படி. போனஸ் கோட்டைத் தாண்டி எடுத்த புள்ளிக்கு இந்தச் சலுகை கிடையாது. பலகையில் எண் ஏறும், பெஞ்சில் இருப்பவர் பெஞ்சிலேயே இருப்பார். போனஸ் மட்டுமே எடுக்கத் தெரிந்த இரண்டாவது ரைடரிடம் தணல் இல்லை.

எதிரணி இதை நன்றாக அறியும். பெரிய ஆள் வெளியே இருக்கும்போது அது அவசரப்படாது. ஒரு ரைடுக்கு 30 வினாடி. எதிரணி புள்ளி எடுக்காமல் வெறும் ரைடாகப் போய்வரும். நாமும் பயந்து வெறும் ரைடு போவோம். இரண்டு வெறும் ரைடுக்குப் பிறகு மூன்றாவது 'டூ ஆர் டை'. அதில் புள்ளி எடுக்காவிட்டால் போன ஆளும் அவுட். இரு பக்கமும் மூன்று மூன்று ரைடு என்றால் 3 நிமிடம். ஒரு பாதிக்கு 20 நிமிடம்தான். கோடிகள் கொடுத்து வாங்கிய ஆள் அதில் 3 நிமிடத்தைத் துண்டு போட்டு உட்கார்ந்து கழிக்கிறார். இப்படி இரண்டு முறை நடந்தால், களத்தில் ஆள் குறைந்து ஆல் அவுட் வரை இழுத்துவிடும். எதிரணிக்கு மேலும் 2 புள்ளி.

விறகுக் கணக்கு

2017இல் லீக்கில் நுழைந்த தலைவாஸ் முதலில் பெரிய அடுப்பைத்தான் நம்பியது. அஜய் தாக்கூர் தலைமை. 2019இல் அவருக்குத் துணையாக 94 லட்சம் கொடுத்து ராகுல் சவுத்ரி. பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் கோப்பை கையில் இருந்தது போலத் தோன்றும். முடிவு, 12 அணிகளில் 12ஆவது இடம்.

2022 ஏலத்தில் பவன் செராவத்துக்கு 2.26 கோடி கொடுத்தது. லீக்கில் அதுவரை யாருக்கும் போகாத விலை. அந்த ஆண்டு ஓர் அணியின் மொத்தச் செலவு வரம்பு 4.4 கோடி. அதாவது, இருந்த விறகில் பாதிக்கு மேல் ஒரே அடுப்பில் வைத்தாயிற்று. அக்டோபரில் குஜராத் ஜயன்ட்ஸுடன் முதல் ஆட்டம். அதிலேயே பவனுக்கு முழங்காலில் காயம். சீசன் முழுக்க அவர் இல்லை.

கணக்குப்படி கொடியடுப்பும் அணைந்திருக்க வேண்டும். அணையவில்லை. அந்த சீசனில்தான் அறிமுகமான நரேந்தர் 243 ரைடு புள்ளி எடுத்தார். அறிமுக சீசனில் அது சாதனை. அவர் பிடிபட்டால் அஜிங்க்யா பவார் போனார். பிடிக்கிற பக்கம் வலது கார்னரில் சாகர் தலைமை தாங்கினார். ரைடரிடமிருந்து வராத தணல் பிடியிலிருந்து வந்தது. தலைவாஸ் முதன்முறையாகப் பிளேஆஃப் போனது. அரையிறுதியில் புனேரி பால்டனிடம் 37–39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது.

இதை வைத்துப் பெரிய ஆளே வேண்டாம் என்று முடிவுகட்டினால் அதுவும் தப்பு. 2017இல் பர்தீப் நர்வால் ஒரே சீசனில் 369 ரைடு புள்ளி எடுத்து பாட்னா பைரட்ஸுக்குத் தொடர்ந்து மூன்றாவது கோப்பையை வாங்கிக் கொடுத்தார். ஆனால் அந்த அணியில் மோனு கோயத்தும் இருந்தார். பர்தீப் வெளியே இருக்கும்போது ரைடுக்குப் போய் ஆளைத் தொட்டுத் திரும்பக்கூடியவர்; வேறு அணியில் இருந்தால் முதல் ரைடராகவே ஆடியிருப்பார். அவர் கொடியடுப்பு அல்ல, இரண்டாவது பெரிய அடுப்பு.

தலைவாஸ் 2024இல் சச்சின் தன்வரை 2.15 கோடிக்கு எடுத்தது. அந்த ஏலத்திலேயே அதிக விலை. பிளேஆஃப் கிட்டவில்லை. 2025இல் 1.405 கோடிக்கு அர்ஜுன் தேஷ்வால், 59.5 லட்சத்துக்குப் பழைய பவன் என்று இரட்டை அடுப்புக்கு வழி செய்தது. காகிதத்தில் சரியான திட்டம். ஆனால் சில ஆட்டங்களிலேயே பவன் அணியில் இல்லாமல் போனார். பாரம் முழுக்க மறுபடி ஓர் ஆள் தலையில்.

மூன்று கட்சிக்கும் பதில்

பெரிய கை கேட்கிறவர்களுக்கு: வாங்குங்கள், ஆனால் பாதி விறகை அங்கே கொட்டாதீர்கள். 2025இல் இருந்தது போன்ற 5 கோடி வரம்பில் 2 கோடிக்கு மேல் ஒருவருக்குப் போனால், இரண்டாவது ரைடருக்கும் கார்னர்களுக்கும் மிச்சத்தில்தான் பேரம் பேச வேண்டும்.

சின்னப் பசங்க கட்சிக்கு: நரேந்தர் ஒவ்வோர் ஆண்டும் கிடைக்கமாட்டார். ஓடியாடுகிற நாலு பேர் போதாது. அதில் ஒருவராவது எதிரணியில் 6, 7 பேர் நிற்கும்போதே தொடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். காலிக் களத்தில் புள்ளி எடுப்பது கொடியடுப்பின் வேலை. மூன்றாவது ஆள் டூ ஆர் டைக்கு என்றே பழகியவராக இருந்தால் இன்னும் நல்லது.

நம்ம ஊருப் பசங்க கட்சிக்கு: கேள்வி நியாயமானது. தமிழ்நாட்டு அபினேஷ் நடராஜன் புனேரி பால்டனின் தடுப்பாட்டத்தில் நின்று பத்தாவது சீசன் கோப்பையைத் தூக்கினார். ஆனால் 'எத்தனை பேர்' என்று கேட்பதைவிட 'எந்த இடத்துக்கு' என்று கேட்டால் அணிக்கு உதவும். கிராமத்து மண் களத்தில் ஆடிப் பழகியவர்களுக்கு இரண்டாவது ரைடர் இடத்தில் வாய்ப்புக் கொடுத்து வளர்ப்பது, விலைப்பட்டியலின் உச்சியில் தேடுவதைவிட மலிவு.

அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது ஒன்றை மட்டும் எண்ணுங்கள். முதல் ரைடர் பெஞ்சுக்குப் போனதிலிருந்து திரும்பி வரும்வரை எத்தனை ரைடு ஆகிறது? இரண்டுக்குள் என்றால் ரைடர் வரிசை தேறிவிட்டது. ஐந்து, ஆறு என்று இழுத்தால், ஏலத்தில் வாங்கியது ஒரே ஓர் அடுப்பைத்தான்.