காணாத நண்பருக்காக வருந்துதல்

ஒருவர் இறந்துவிட்டதாகக் கைப்பேசிக்குச் செய்தி வருகிறது. அவரை நாம் ஒருமுறையேனும் நேரில் கண்டதில்லை. அவருடைய ஊர் எங்கிருக்கிறது என்பதும் சரியாகத் தெரியாது. ஆயினும் நான்கைந்து ஆண்டுகளாக நாள் தவறாமல் அவருடன் பேசியிருக்கிறோம். இரவு வானத்தைப் படம் எடுப்போர், மாடித் தோட்டம் வளர்ப்போர், பறவை நோக்குவோர், பழைய நாணயம் சேர்ப்போர், சதுரங்கம் ஆடுவோர் எனப் பலரும் இன்று இணையக் குழுக்களில் கூடுகின்றனர். அத்தகைய குழுவில் நேற்றுவரை இருந்த ஒருவர் இன்று இல்லை. அழுகை வருகிறது. "யாரோ ஒருவருக்காகவா இப்படி அழுகிறாய்?" என்று வீட்டார் வியக்கின்றனர்.

நோயாளிகளுக்கு இந்த இழப்பு கூடுதல் பாரமாகிறது. நெடுநாள் படுக்கையில் இருப்பவருக்கும், டயாலிசிஸ் செய்துகொள்வதற்காக வாரந்தோறும் வந்து மணிக்கணக்கில் அமர்ந்திருப்பவருக்கும், வெளியுலகம் என்பது பல வேளைகளில் அந்தக் கைப்பேசிக் குழுதான். அங்கே அவர் நோயாளி அல்லர்; நல்ல படம் எடுப்பவர், நகைச்சுவையாகப் பேசுபவர், பிறருக்கு வழி சொல்பவர். தம்மை அவ்வாறு அறிந்திருந்த ஒருவரை இழக்கும்போது, தம்மில் ஒரு பகுதியையும் இழந்ததாக அவர் உணர்வது இயல்பே.

இத்தகைய நட்பு இணையத்தோடு பிறந்ததன்று. அதற்குச் சான்று நம் ஆலங்காயத்துக்கு அருகில், சவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. இன்று வங்கதேசத்தில் உள்ள ஜெசோரில் அரசுக் கருவூலத்தில் பணியாற்றியவர் ராதா கோவிந்த சந்திரா. இரவில் விண்மீன்களை நோக்குவது அவருடைய பொழுதுபோக்கு. ஒளி கூடியும் குறைந்தும் மாறுகின்ற விண்மீன்களைக் கண்டு குறித்து, அக்குறிப்புகளை அமெரிக்காவில் 1911-இல் தொடங்கப்பட்ட மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கத்துக்கு அஞ்சலில் அனுப்பி வந்தார். கடல் கடந்த அந்த ஆர்வலர்கள் அவருடைய குறிப்புகளின் தரத்தை மதித்து, 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை 1926-இல் அவருக்கு இரவலாக அனுப்பினர். வாழ்நாளில் 37,000-க்கும் மேற்பட்ட நோக்குகளை அவர் பதிவு செய்தார். முதுமையில் அவர் ஒப்படைத்த அந்தத் தொலைநோக்கி வேணு பாப்பு என்னும் இளம் வானியலாளரிடம் சென்று, பின்னர் காவலூரை அடைந்தது. கடிதங்களால் மட்டுமே வளர்ந்த நம்பிக்கையின் அளவு அது. அஞ்சலட்டை இருந்த இடத்தில் இன்று கைப்பேசி இருக்கிறது, அவ்வளவே.

வேணு பாப்புவின் மறைவும் இங்கு நினைக்கத்தக்கது. 1927 ஆகஸ்ட் 10 அன்று பிறந்த அவர், காவலூர் மலையின் இருண்ட வானத்தைத் தேர்ந்து வானாய்வகத்தை நிறுவியவர். 1979-இல் உலக வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1982 ஆகஸ்ட்டில் அவ்வொன்றியத்தின் பொதுப்பேரவை கிரேக்க நாட்டின் பத்ராஸ் நகரில் கூடியது. தலைவரோ இதய அறுவைச் சிகிச்சைக்காக ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருந்தார். பேரவை நடந்துகொண்டிருந்த நாள்களிலேயே, ஆகஸ்ட் 19 அன்று, அவர் காலமானார். அப்போது வயது 55. அவர் கனவு கண்டு தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அன்று முடிவடையவில்லை. உடன் உழைத்தவர்கள் அதை முடித்தனர். 1986-இல் வானாய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. துயரத்துக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தால், அது மனத்தை மட்டும் அரித்துக்கொண்டிராமல் கைகளுக்கும் இறங்குகிறது. ஓர் உறுப்பினரை இழந்த சிறு குழுவும் இதைச் செய்யலாம். அவர் பாதியில் விட்ட பறவைப் பட்டியலை நிறைவு செய்யலாம். அவர் பகிர்ந்த படங்களை ஒரு தொகுப்பாக்கி, குடும்பம் விரும்பினால் அவர்களிடம் அளிக்கலாம்.

இந்தத் துயரம் ஏன் இவ்வளவு கடினமாகிறது? நம் ஊரில் சாவு என்பது தனித்துத் தாங்கவேண்டிய ஒன்றன்று. பங்காளிகள், மாமன் மச்சான், சம்பந்திகள் என ஒவ்வோர் உறவுக்கும் ஓர் இடமும் ஒரு கடமையும் உண்டு. துக்கம் விசாரிக்க வருவோர் வந்தவண்ணம் இருப்பர். பால் தெளிப்பதும் கருமாதியும் நாள் குறித்து நடைபெறும். அழவேண்டியவர் அழுவதற்கும் அழுகையை நிறுத்திச் சோறு உண்பதற்கும் ஊரே துணை நிற்கிறது. இணைய நண்பருக்கோ அந்தப் பந்தலில் இடமில்லை. அவரிடம் துக்கம் விசாரிக்க எவரும் வருவதில்லை. அலுவலகத்தில் விடுப்பும் இல்லை. சமூகம் இடம் தராத இத்தகைய துயரத்தை அங்கீகாரம் பெறாத துயரம் என்று 1989-இல் அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா விளக்கினார். வெளியே சொல்ல இயலாமையால் அது பிற துயரங்களைவிடச் சிறியதாகிவிடுவதில்லை.

திடீர் மரணம் எனில் இன்னும் சில இடர்கள் சேர்கின்றன. உடலைக் காணாததால், செய்தி பொய்யாக இருக்குமோ என்று மனம் ஐயுறுகிறது. அவருடைய முகப்படம் திரையில் சிரித்துக்கொண்டே இருக்கிறது. பிறந்தநாள் நினைவூட்டல்கூட வந்து சேரும். அவர் கடைசியாக அனுப்பிய செய்திக்கு நாம் மறுமொழி எழுதாதிருந்தால், அதுவே முள்ளாகத் தைக்கும். மறுமொழி எழுதாததால் எவரும் இறப்பதில்லை என்பதை அருகிலிருப்போர் ஒருமுறைக்கு இருமுறை சொல்லவேண்டியிருக்கும்.

காணாத நட்பு தமிழர்க்குப் புதியதும் அன்று. உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டிநாட்டுப் பிசிரைச் சேர்ந்த ஆந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நண்பராயினர் என்பதைப் புறநானூறு காட்டுகிறது. சோழன் வடக்கிருந்தபோது நண்பருக்கென இடம் ஒதுக்கச் செய்தான். அவரும் வந்து சேர்ந்தார். அந்த இடம் ஒதுக்குதல்தான் நாம் கற்கவேண்டிய பகுதி. நண்பரைத் தொடர்ந்து தாமும் உயிர் துறந்தார் என்னும் பகுதியைப் பழம்புலவர் வியந்து பாடினர். மருத்துவமனையில் இருந்து எழுதும் நாம் அதனை வியக்க இயலாது.

இனி, இறந்தவரின் குடும்பத்தார் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்போம். நார்வே நாட்டு இளைஞர் மாட்ஸ் ஸ்டீன் தசைச்சிதைவு நோயுடன் பிறந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்து, நாளின் பெரும்பகுதியைக் கணினி விளையாட்டில் கழித்தார். நண்பர்களற்ற தனிமையில் மகன் வாழ்கிறான் என்றே பெற்றோர் வருந்தினர். 2014 நவம்பரில், 25-ஆம் வயதில் அவர் மறைந்தார். மகன் எழுதிவந்த வலைப்பதிவில் தந்தை அம்மரணத்தை அறிவித்தார். உடனே பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. விளையாட்டில் ‘இபெலின்’ என்ற பெயரில் அவர் பலருக்கும் உற்ற துணையாக இருந்ததையும், பிறருடைய குடும்பச் சிக்கல்களுக்குச் செவிகொடுத்ததையும் அக்கடிதங்கள் கூறின. நண்பர்கள் சிலர் இறுதிச் சடங்குக்கே நேரில் வந்தனர். 2024-இல் அவரைப் பற்றிய ஆவணப்படம் வெளியாயிற்று. தம் மகனின் வாழ்வில் தாம் அறியாத பெரும்பகுதியைப் பெற்றோர் அந்நியர்களிடமிருந்து பெற்றனர். ஓர் அறிவிப்பு எழுதியதால் மட்டுமே அது கிடைத்தது.

ஆகவே, இறந்தவரின் குழுக்களுக்குச் சொல்வதை ஒரு கடமையாகவே கொள்ளலாம். அவருடைய கைப்பேசியிலிருந்தே எழுதுவதானால் ஒரு கவனம் தேவை. இறந்தவரின் எண்ணிலிருந்து திடீரென வரும் செய்தி படிப்போரை உலுக்கிவிடும். எழுதுபவர் யார் என்பதையே முதலில் சொல்லுங்கள்: "நான் அவருடைய தங்கை எழுதுகிறேன். அண்ணன் நேற்று மாலை இறந்துவிட்டார்." குழுவில் அவர் வேறு பெயரால் அறியப்பட்டிருந்தால் அப்பெயரையும் குறிப்பிடுங்கள். இறுதிச் சடங்குக்குப் பிறர் வரலாமா, தொலைபேசியில் அழைக்கலாமா என்பதைச் சொன்னால் போதும். மரணத்தின் காரணத்தை விளக்கவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. எவ்வளவு கேட்டாலும் இல்லை. கைப்பேசியை உடனே அழித்துத் துடைத்துவிடவும் வேண்டா. சில மாதங்கள் கழித்து அதிலுள்ள படங்களையும் குரல் பதிவுகளையும் நீங்களே தேடுவீர்கள்.

குழுவை நடத்துவோருக்கு ஒரு சொல். குடும்பத்தார் உறுதி செய்யும்வரை இரங்கல் செய்தி வெளியிடாதீர்கள். மருத்துவமனையில் எடுத்த படமும் விபத்துப் படமும் பரவுவதைத் தடுத்துவிடுங்கள். தற்கொலை எனத் தெரிந்தால், எவ்வாறு நிகழ்ந்தது என்ற விவரம் அறவே கூடாது. அவ்விவரம் துன்பத்திலிருக்கும் வேறொருவரைத் தூண்டிவிடக்கூடும். குடும்பத்தின் ஒப்புதலின்றி எவரேனும் நிதி திரட்டினால் ஐயுறுங்கள்.

உடனிருந்து பேணுவோர் எம்மிடம் அடிக்கடி கேட்பது வேறொன்று: நோயாளிக்கு இச்செய்தியைச் சொல்வதா, மறைப்பதா? அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் உள்ள நாள்களிலும், இதயநோய் நிலைபெறாத வேளையிலும், மருத்துவரைக் கேட்டு நேரம் குறிப்பது நல்லது. சில நாள் தள்ளிவைக்கலாம். நெடுநாள் மறைக்க இயலாது. கைப்பேசி அவரிடம் இருக்கிறது, நள்ளிரவில் தனியே படித்துவிடுவார். அருகில் அமர்ந்து, பெயரைச் சொல்லி, "இறந்துவிட்டார்" என்ற சொல்லையே பயன்படுத்திச் சொல்லுங்கள். "உடம்பு சரியில்லையாம்" என்று சுற்றிவளைத்தால், அவர் நலம்பெற வேண்டிக்கொண்டு காத்திருப்பார். சொன்னபின் உடனே எழுந்து செல்லாதீர்கள். அந்த நண்பரைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள்: எப்படிப் பழக்கம், என்ன பேசிக்கொள்வீர்கள் என்று. பேசுவதற்கு இடம் கிடைத்ததே அவருக்குப் பாதி மருந்து. இணைய விளையாட்டுத் தோழனை இழந்த சிறுவருக்கும் இதே முறைதான். "விளையாட்டுதானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

துயரம் உடலிலும் தெரியும். உறக்கம் கெடும், பசி அற்றுப்போகும், நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் மறந்துபோகும். சர்க்கரையும் அழுத்தமும் ஏறி இறங்குவது இந்நாள்களில் இயல்பாதலால், அளவைச் சற்று அடிக்கடி பாருங்கள். மாத்திரை வேளைகளை வீட்டார் ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் ‘துக்கத்தால் வந்தது’ என்று விட்டுவிடாமல் 108-ஐ அழையுங்கள். பெருந்துயரச் செய்தி கேட்ட சில மணி நேரத்தில் இதயத்தசை திடீரெனத் தளர்ந்துவிடும் நிலை ஒன்று உண்டு. 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் அதனை விவரித்தனர். இதயத்தின் இடது கீழறை பேய்க்கணவாய் பிடிக்கும் பானைபோல் உப்பித் தோன்றுவதால், அப்பானையின் பெயரால் ‘தகோட்சுபோ’ என அழைக்கின்றனர். மாதவிடாய் நின்ற பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகின்றனர். ஆயினும் இது மாரடைப்பைப் போன்றே தோன்றுவதால், எது என்று வீட்டிலிருந்தபடி எவராலும் சொல்ல இயலாது; இ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் எதிரொலிப் படமும் தேவை.

பெரும்பாலோரின் துயரம் வாரங்களிலும் மாதங்களிலும் மெல்ல இளகும். குழுவில் பழைய உரையாடல் கண்ணில் படும் நாளன்று மீண்டும் கனக்கும், அது பின்னடைவன்று. ஆறு மாதம் கடந்தும் அன்றாட வேலைகளைச் செய்ய இயலாத அளவுக்குத் துயரம் நீடித்தால், அதனை நீடித்த துயரக் கோளாறு என உலக நலவாழ்வு அமைப்பின் நோய் வகைப்பாடு குறிக்கிறது; அதற்குச் சிகிச்சை உண்டு. தாமும் இறந்துவிடலாம் என்ற எண்ணம் தோன்றினால் ஆறு மாதம் என்ன, ஆறு மணி நேரமும் காத்திருக்க வேண்டா. உள்நோயாளியாயின் பணியிலுள்ள செவிலியரிடம் உடனே கூறுங்கள். வீட்டிலிருப்போர் ‘டெலி மனஸ்’ 14416 என்ற எண்ணையோ, தமிழ்நாடு அரசின் 104 என்ற எண்ணையோ கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.

நோயாளிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் குழுவில் உங்களை நன்கறிந்த இருவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி, மருத்துவக் கோப்பின் பின்னட்டையில் வைத்துவிடுங்கள். கைப்பேசியின் பூட்டு எண்ணை வீட்டில் நம்பிக்கையான ஒருவர் மட்டும் அறிந்திருக்கட்டும். நீங்கள் நாலைந்து நாள் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருக்க நேர்ந்தாலும் அந்தத் தாள் பயன்படும். அங்கே உங்களைக் காணாமல் தேடுவோருக்கு, "நலமாகி வருகிறார், பின்னர் பேசுவார்" என்று ஒருவரேனும் சொல்ல வேண்டுமல்லவா.