இரண்டாம் தாலிக்குச் சட்டத்தில் இடம் உண்டா?

வெள்ளாற்றங்கரையில் உள்ள திட்டக்குடி. வக்கீல் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வயது முப்பதுக்குள் இருக்கும். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுவது அவள் வேலை. மடியில் ஒரு கல்யாண போட்டோ. கழுத்தில் தாலி.

"கோயில் வாசலில் வைத்துத்தான் ஐயா கட்டினார். அவருக்கு முன்பே ஒரு சம்சாரம் இருப்பது எனக்குத் தெரியாது. இப்போது நான் யார் ஐயா?"

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சட்டப்படி நீ அவர் மனைவி இல்லையம்மா" என்றார்.

அந்தப் பெண் போட்டோவைக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

ஊரார் கூடி நின்று வாழ்த்திய கல்யாணம் எப்படி ஐயா இல்லாமல் போகும்? இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

1949-க்கு முன்

"முருகனுக்கே இரண்டு, நமக்கு மட்டும் ஒன்றா?" என்று வேடிக்கை பேசும் ஆண்கள் இன்றும் உண்டு. ஒரு காலத்தில் அது வேடிக்கை அல்ல. இந்து ஆண் எத்தனை பெண்களை வேண்டுமானாலும் மணக்கலாம். சட்டம் குறுக்கே நிற்காது. ராஜாவும் ஜமீன்தாரும் மட்டுமல்ல, பிள்ளை இல்லை என்று சொல்லி நாலு காணி நிலம் உள்ளவரும் இளையாளைக் கொண்டு வந்தார். மூத்தாள் அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு விட்டுப் போகவும் வழி இல்லை.

இந்த வழக்கத்துக்கு பம்பாய் மாகாணம் 1946-ல் தடை போட்டது. சென்னை மாகாணம் 1949-ல் இருதார மணத் தடைச் சட்டம் கொண்டு வந்தது. அதே சட்டம் விவாகரத்துக்கும் கதவைத் திறந்தது. பிறகு 1955-ல் இந்து திருமணச் சட்டம் வந்து, நாடு முழுவதும் இந்துக்களுக்கு "ஒருவனுக்கு ஒருத்தி" என்பதையே விதி ஆக்கியது.

கோர்ட்டுக்குப் போன சாஸ்திரம்

சும்மா விடுவார்களா? "பிள்ளை இல்லாவிட்டால் கரையேற முடியாது. ஆகவே இரண்டாம் கல்யாணம் எங்கள் மதக் கடமை. அதைத் தடுக்க அரசாங்கம் யார்?" என்று வழக்குகள் கிளம்பின. 1951-ல் பம்பாய் ஹைகோர்ட்டு விடை சொன்னது. பிள்ளைதான் வேண்டும் என்றால், சுவீகாரம் எடுத்துக்கொள்ள அதே மதம் வழி காட்டியிருக்கிறதே! சட்டம் செல்லும் என்றார்கள் நீதிபதிகள். சென்னைச் சட்டமும் சென்னை ஹைகோர்ட்டில் இதே போல் நிலைத்து நின்றது.

பம்பாய்த் தீர்ப்பில் ஒரு விந்தை. அதில் அமெரிக்காவின் மோர்மன் கூட்டத்தாரைப் பற்றிய பேச்சும் வருகிறது!

ஊட்டா நாட்டுக் கதை

மோர்மன்கள் 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். பல மனைவியரை மணப்பது கடவுளின் கட்டளை என்று 1852-ல் ஊட்டாவில் பகிரங்கமாக அறிவித்தார்கள். அமெரிக்க அரசாங்கம் 1862-ல் அதைக் குற்றம் ஆக்கியது. ஜார்ஜ் ரேனால்ட்ஸ் என்பவர் வழக்காடினார். 1879-ல் சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

"எதையும் நம்பலாம், ஆனால் எதையும் செய்துவிட முடியாது" என்பதே தீர்ப்பின் சாரம். அதற்கு நீதிபதிகள் காட்டிய உதாரணம் என்ன தெரியுமா? கணவன் சிதையில் ஏறுவது கடமை என்று ஒரு மனைவி நம்பினால், அரசாங்கம் தடுக்கக் கூடாதா என்று கேட்டார்கள். நம் நாட்டு உடன்கட்டை, கடல் கடந்து அங்கே சாட்சி சொன்னது!

1890-ல் மோர்மன் சபை பலதார மணத்தைக் கைவிட்டது. ஆனால் "பழைய கட்டளையே மெய்" என்று ஒரு சிறு கூட்டம் பிரிந்து நின்றது. 1953-ல் அரிசோனாவில் அவர்களுடைய ஊரையே போலீஸ் வளைத்தது. தாயையும் பிள்ளையையும் பிரித்ததாக ஜனங்கள் போலீஸ் மீதே கோபம் கொண்டார்கள். பின்னாளில் அந்தக் கூட்டத்தின் தலைவர் வாரன் ஜெப்ஸ், சிறுமிகளைப் பாழாக்கிய குற்றத்துக்காக 2011-ல் ஆயுள் தண்டனை பெற்றார். 2020-ல் ஊட்டா மாநிலம், வயது வந்தவர்கள் மனம் ஒப்பிச் சேர்ந்து வாழ்வதைச் சிறு குற்றமாகக் குறைத்தது. வஞ்சகமும் பலவந்தமும் இருந்தால் இன்றும் தண்டனை கடுமையே.

சட்டத்தில் ஓட்டை

நம் ஊருக்கு வருவோம். முதல் மனைவி உயிரோடு இருக்க, விவாகரத்தும் ஆகாமல் மறுமணம் செய்தால் 7 ஆண்டு வரை சிறை. முதல் கல்யாணத்தை மறைத்திருந்தால் 10 ஆண்டு வரை. இப்போது இது பாரதிய நியாய சம்ஹிதையின் 82-வது பிரிவு. கிறிஸ்தவர்களுக்கும் இது பொருந்தும். முஸ்லிம் ஆண்களுக்கு அவர்கள் மதச் சட்டம் நான்கு வரை இடம் தருகிறது.

அப்படியும் பலர் தப்புவது எப்படி? 1965-ல் சுப்ரீம் கோர்ட்டு, இரண்டாம் கல்யாணமும் முறைப்படி சடங்கோடு நடந்ததாக நிரூபிக்க வேண்டும் என்று சொன்னது. சேர்ந்து வாழ்வது மட்டும் போதாது. ஆகவே கெட்டிக்காரர்கள் சாட்சி இல்லாமல் காரியத்தை முடிக்கிறார்கள். பஞ்சாயத்தில் முத்திரைத் தாளில் எழுதிக்கொண்டு "தீர்ந்தது" என்கிறார்கள். சாதி வழக்கம் என்று நிரூபித்தால் ஒழிய, அந்தத் தாளுக்கு மதிப்பில்லை!

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் 100-க்கு 1.4 பேர் தங்கள் கணவருக்கு வேறு மனைவியும் உண்டு என்று கூறியிருக்கிறார்கள்.

ஏமாந்தவளுக்கு என்ன வழி?

வக்கீல் அந்தப் பெண்ணிடம் மேலும் சொன்னார். "மனைவி இல்லை என்றேன், கதி இல்லை என்று சொல்லவில்லையம்மா."

முதல் கல்யாணத்தை மறைத்து மணந்தவன், ஏமாந்தவளுக்கு ஜீவனாம்சம் கொடுத்தாக வேண்டும் என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. பிள்ளைகள் சட்டப்படி முறையான பிள்ளைகளே. பரம்பரைச் சொத்தில் தகப்பனுக்கு வரும் பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023-ல் தீர்ப்பாகியிருக்கிறது.

கல்யாணத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். ஜாதகம் பார்க்கிறோம், சீர் வரிசையை எண்ணிப் பார்க்கிறோம். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு வீடு உண்டா என்று அவர் ஊரில் நாலு பேரை விசாரிக்க மறந்துவிடுகிறோமே!

அந்தப் பெண் எழுந்தாள். கவிழ்த்து வைத்த போட்டோவை நிமிர்த்தினாள். "இதுவும் சாட்சி ஆகுமா ஐயா?" என்றாள்.

"ஆகும் அம்மா, பத்திரமாக வைத்துக்கொள்" என்றார் வக்கீல்.