பத்தே நாளில் 500 வயது! புதுச் செம்பைப் பழசாக்கும் ரகசியம்

பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குகிறோம். தங்கம்போல் மின்னுகிறது. நாலு நாள் சும்மா விட்டால் மங்கிவிடுகிறது. ஈரத்தோடு மூலையில் கிடந்தாலோ, பச்சை பூத்துவிடுகிறது!

அந்தப் பச்சைக்குக் களிம்பு என்று பெயர். வீட்டில் அதைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். ஆனால், அதே பச்சைக்காக ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

நானும் ஒருமுறை கொடுத்தேன். ஒரு கடையில் கருத்து, பச்சை படர்ந்த ஒரு குத்துவிளக்கைப் பார்த்தேன். "ஜமீன் வீட்டுச் சொத்து. நூற்றைம்பது வருஷத்து விளக்கு" என்றார் கடைக்காரர். பேரம் பேசாமல் வாங்கி வந்தேன். அம்மா அதை ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தார். துணி பச்சையாகிவிட்டது!

"ஏண்டா, சாயம் போகிற விளக்கை எங்கே பிடித்தாய்?" என்று கேட்டார்.

அதன் பிறகுதான் இந்தச் சங்கதியை விசாரிக்கத் தொடங்கினேன்.

பச்சை எப்படி வருகிறது?

செம்பு காற்றில் இருக்கும்போது முதலில் பழுப்பு நிறம் அடைகிறது. பிறகு, காற்றில் உள்ள ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து அதைப் பச்சையாக்குகின்றன. பித்தளையிலும் வெண்கலத்திலும் செம்புதான் அதிகம். ஆகவே அவையும் பச்சை பூக்கின்றன. கடற்கரை ஊரில் உப்புக்காற்று இந்த வேலையைச் சீக்கிரம் முடிக்கிறது.

நியூயார்க் துறைமுகத்தில் நிற்கும் சுதந்திர தேவி சிலையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அது பச்சை வர்ணம் பூசிய சிலை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இல்லை! அது செம்புத் தகட்டால் ஆனது. 1886-ம் ஆண்டில் திறந்துவைத்தபோது புதுச் செம்புக்காசு நிறத்தில் இருந்தது. சுமார் 30 ஆண்டுகளில் உடம்பு முழுவதும் பச்சையாகிவிட்டது.

சிலை கெட்டுப்போகிறதோ என்று அமெரிக்காவில் பயந்தார்கள். 1906-ம் ஆண்டில் வர்ணம் பூசிவிடலாமா என்ற யோசனைகூட வந்தது. பொதுமக்கள் எதிர்த்தார்கள். ராணுவ என்ஜினீயர்கள் ஆராய்ந்து பார்த்து, இந்தப் பச்சையே செம்புக்குக் கவசம் என்று கண்டார்கள். அந்தத் தகட்டின் கனம் இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. கடற்காற்றில் அது இத்தனை காலம் நிற்பதற்கு இந்தப் பச்சைப் போர்வையும் ஒரு காரணம்.

1980-களில் சிலையைப் பழுது பார்த்தார்கள். ஒட்டுப்போடப் புதுத் தகட்டை வைத்தால் பளிச்சென்று தனியாகத் தெரியுமே! என்ன செய்தார்கள் தெரியுமா? ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் கூரையில் வெகுகாலம் வெயிலும் மழையும் பட்டுப் பச்சையாகியிருந்த செம்புத் தகட்டை வாங்கி ஒட்டினார்கள்!

பட்டறையில் நடப்பது

எல்லோரும் அத்தனை காலம் காத்திருப்பார்களா? அதற்குத்தான் ரசாயன வழி இருக்கிறது.

முதலில் உலோகத்தை உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவுகிறார்கள். விரல் ரேகை பட்டால்கூட அந்த இடத்தில் நிறம் பிடிக்காது. பிறகு லேசாகச் சூடாக்கி, கந்தகம் சேர்ந்த ஒரு கரைசலைத் தூரிகையால் தடவுகிறார்கள். கண் முன்னாலேயே செம்பு பழுப்பாகி, கருத்துவிடுகிறது.

பச்சை வேண்டுமானால் வழி வேறு. காடி, உப்பு, நவச்சாரம், மயில்துத்தம் ஆகியவை அதற்குச் சரக்கு. கரைசலைத் தெளித்து, காயவிட்டு, மறுபடி தெளிக்கிறார்கள். சிலர் நனைத்த மரத்தூளில் புதைத்துவைக்கிறார்கள். சில நாட்களில் பச்சை படர்ந்துவிடுகிறது.

இனிமேல்தான் கைத்திறமை. பழைய பொருள் எங்கே தேய்ந்திருக்கும்? மூக்கு, முழங்கால், விளிம்பு, பிடி ஆகிய இடங்களில். எனவே, மேடான இடங்களை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள். பள்ளத்தில் கருப்பும் பச்சையும் தங்கிவிடுகின்றன. கடைசியில் தேன்மெழுகு தடவினால் வேலை முடிந்தது. பத்தே நாளில் 500 வயது!

நவச்சாரம் நமக்குப் புதிதல்ல. முன்பு, பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் தெருவில் துருத்தி போட்டு உட்கார்ந்து, காய்ந்த பாத்திரத்தில் ஒரு வெள்ளைப்பொடியைத் தூவுவார். குபீரென்று புகை கிளம்பும். அந்தப் பொடிதான் நவச்சாரம். களிம்பு உணவில் சேராமல் இருக்க ஈயம் பூசியவர் கையிலும் அது இருந்தது. களிம்பை வரவழைப்பவர் கையிலும் அதுவே இருக்கிறது!

கர்நாடகத்தில் பீதர் என்ற ஊர் இருக்கிறது. துத்தநாகமும் கொஞ்சம் செம்பும் கலந்து கூஜா, தட்டு முதலியன செய்து, வெள்ளிக்கம்பி பதிக்கிறார்கள். பிறகு பீதர் கோட்டையில் எடுத்த மண்ணையும் நவச்சாரத்தையும் நீரில் கலந்து தடவுகிறார்கள். உலோகம் மை போல் கருக்கிறது. வெள்ளி மட்டும் கருப்பதில்லை! அங்கே யாரையும் ஏமாற்றுவதற்காகக் கருக்கவைக்கவில்லை. அதுதான் அந்தத் தொழிலின் அழகு.

வீட்டுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இந்தக் கரைசல்களில் சில விஷம். அவற்றின் ஆவியும் கெடுதல். இப்படிப் பழசாக்கிய பாத்திரத்தில் உண்ணவோ குடிக்கவோ கூடாது. அலமாரிக்கு மட்டுமே அது லாயக்கு.

இரண்டு விதப் பழமை

இனி சிலைகளுக்கு வருவோம். தஞ்சை மாவட்டத்தில், கும்பகோணத்துக்கு அருகில் உள்ளது சுவாமிமலை. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிச் சுடுகிறார்கள். மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சோழர் காலத்தில் செய்த முறையும் இதுவே. இன்று வாங்குகிறவர்களில் சிலர், பளபளக்கும் சிலை வேண்டாம், பழைய தோற்றம் வேண்டும் என்று கேட்கிறார்கள். பச்சையோ கருப்போ ஏற்றிக் கொடுப்பதில் தவறில்லை. புதுச் சிலை என்று சொல்லி விற்றால் அது கைத்தொழில். சோழர் சிலை என்று சொல்லி விற்றால் மோசடி.

உண்மையான பழைய சிலைகளிலும் இரண்டு வகை உண்டு. 1311-ம் ஆண்டில் மாலிக்காபூரின் படை தெற்கே வந்தது. அப்படிப்பட்ட படையெடுப்புக் காலங்களில் பல சிலைகளை மண்ணில் புதைத்து மறைத்தார்கள். அவை வெளியே வரும்போது பச்சை படர்ந்திருக்கும். இது மண் கொடுத்த வயது.

புதைக்காமல் பூஜையிலேயே இருந்த சிலைகளில் பச்சை இராது. பால், சந்தனம், எண்ணெய் என்று நூற்றாண்டுக்கணக்கில் அபிஷேகம் செய்து துடைத்ததால், மூக்கும் கண்ணும் மழுங்கியிருக்கும். இது கை கொடுத்த வயது. பச்சையை ரசாயனம் சீக்கிரம் கொண்டுவந்துவிடும். மூக்கின் மழுக்கத்தை அப்படிக் கொண்டுவர முடியாது.

கோயிலில் போலி!

1951-ம் ஆண்டில், தஞ்சை மாவட்டம் சிவபுரத்தில் பூமிக்கு அடியிலிருந்து ஒரு நடராஜர் சிலையும் வேறு சில சிலைகளும் கிடைத்தன. 1954-ம் ஆண்டில் பழுது பார்ப்பதற்காக அவற்றை ஒரு சிற்பியிடம் அனுப்பினார்கள். கோயிலுக்குத் திரும்பி வந்தது அச்சு அசலான புது நடராஜர். பழையவர் கை மாறிவிட்டார்!

ஊரார் புதுச் சிலையையே கும்பிட்டு வந்தார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் 1965-ம் ஆண்டில் சோழர் சிலைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கோயிலில் இருப்பது போலி என்ற செய்தி அதன் மூலம் வெளி வந்தது. அசல் சிலையை 1973-ம் ஆண்டில் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் நிறுவனம் 9 லட்சம் டாலருக்கு வாங்கியது. இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. பிறகு சமரசம் ஏற்பட்டு, 1986-ம் ஆண்டில் நடராஜர் நாடு திரும்பினார்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1972-ம் ஆண்டுச் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிலையைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. ஆகவே, கள்ளக்கடத்தல்காரர்கள் அசல் பழைய சிலையைப் 'புதுக் கைவினைப் பொருள்' என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். உள்ளூரில் புதுசுக்குப் பழைய வேஷம். துறைமுகத்தில் பழசுக்குப் புது வேஷம்!

கண்டுபிடிப்பது எப்படி?

இயற்கையான பச்சை, உலோகத்தோடு ஒட்டி வளர்ந்தது. அதற்கு அடியில் பெரும்பாலும் சிவப்பான ஓர் அடுக்கு இருக்கும். இடத்துக்கு இடம் நிறம் மாறும். அவசரப் பச்சை ஒரே சீராக, மாவு அப்பியதுபோல் இருக்கும். ஈரத்துணியிலோ நகத்திலோ ஒட்டிக்கொண்டு வந்தால் சந்தேகப்படுங்கள். வராவிட்டால் அசல் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். கெட்டிக்காரர் செய்த வேலை அத்தனை சுலபமாக வராது.

விஞ்ஞானிகள் இன்னும் ஆழமாகப் போகிறார்கள். டாக்டர் சாரதா சீனிவாசன் தென்னிந்தியச் சிலைகளிலிருந்து துளித் துளி உலோகம் எடுத்து, அதில் கலந்துள்ள ஈயத்தின் தன்மையை ஆராய்ந்தார். இன்ன காலத்துச் சிலை என்று கணிக்க அது கைரேகைபோல் உதவுகிறது. மேலே எதைப் பூசினாலும் உள்ளே இருக்கும் ஈயம் மாறாதல்லவா?

பச்சையிலும் ஒரு கெட்ட பச்சை உண்டு. வெளிர்பச்சைப் பொடியாக உதிரும். அதை வெண்கல நோய் என்கிறார்கள். உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை உள்ளேயே அரிக்கும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-ம் ஆண்டிலேயே இதற்காக ஒரு ரசாயனக்கூடம் தொடங்கினார்கள். பரமசிவன் என்ற ரசாயன நிபுணர், மின்சாரம் பாய்ச்சிச் சிலைகளைக் குணப்படுத்தினார். உப்பும் நவச்சாரமும் தடவிச் சரியாகக் கழுவாமல் விட்ட புதுச் சிலைக்கும் இதே நோய் வரலாம்!

ஆகவே, தாத்தா காலத்து விக்கிரகம் வீட்டில் இருந்தால் எலுமிச்சம்பழம், புளி, திராவகம் என்று போட்டுச் சுரண்டாதீர்கள். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். பொடியாக உதிர்ந்தால் அருங்காட்சியகத்தாரிடம் காட்டுங்கள். நிலத்தைத் தோண்டும்போது சிலை கிடைத்தாலோ, கழுவக்கூட வேண்டாம். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒட்டியிருக்கும் மண்கூட நிபுணர்களுக்கு ஒரு சாட்சி.

என் விளக்கு என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? அம்மா இரண்டு நாள் புளி போட்டுத் துலக்கினார். ஜமீன் முழுவதும் சாக்கடையில் போய்விட்டது. இப்போது பூஜை அறையில் பளபளவென்று எரிகிறது. யாராவது எப்போது வாங்கியது என்று கேட்டால், "போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு" என்கிறார் அம்மா.