கடற்பிரயாணமும் கூடுதல் சௌகரியங்களும்: எதை, எப்போது வாங்குவது?

மயாமித் துறைமுகத்திலிருந்து கரீபியக் கடலை நோக்கி ஏழு இரவுப் பிரயாணமாகப் புறப்படும் உல்லாசக் கப்பல் ஒன்றில் இடம் பதிவு செய்துகொண்ட குடும்பத்துக்கு, முன்பணம் கட்டிய சில நாட்களுக்குள்ளாகவே கப்பல் நிறுவனத்தின் அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கின்றன. ஜன்னலற்ற உள்ளறையை விட்டுப் பால்கனி அறைக்கு மாறலாம் என்று ஓர் அழைப்பு. பானங்களுக்கெல்லாம் மொத்தமாகப் பணம் கட்டிவிடலாம் என்று மற்றொன்று. விசேஷ உணவகங்களுக்கும் வைஃபைக்கும் தீவுச் சுற்றுலாக்களுக்கும் இன்றே முந்தினால் சலுகை உண்டு என்று வேறு சில. இவற்றுள் எதை ஏற்பது, எதை விடுவது, ஏற்பதானால் இன்றைக்கா, அடுத்த மாதமா, கப்பலேறிய பிறகா என்று தெரியாமல் நாள்தோறும் விலைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்து, ஓய்வை நாடிப் பணம் கட்டியவரே ஓய்வு தொடங்குமுன் களைத்துப்போவதும் உண்டு. இந்தச் சிரமம் தவிர்க்கக் கூடியது. ஒவ்வொரு சௌகரியத்துக்கும் அதனதன் காலம் ஒன்று உண்டு. அக்காலத்தை அறிந்து, தம் குடும்பத்தின் பழக்கவழக்கங்களையும் உள்ளபடியே எண்ணிப் பார்த்து, கரையில் இருக்கும்போதே முடிவு செய்துகொள்பவருக்குப் பணமும் மிஞ்சும், மன நிம்மதியும் கிட்டும்.

கட்டணத்தில் அடங்கியவை

கூடுதலாக எதையும் வாங்குமுன், ஏற்கெனவே வாங்கியது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய நிறுவனங்களின் கப்பல்களில் பொதுவாக, அறையும், பிரதான உணவுக்கூடத்திலும் பஃபேயிலும் மூன்று வேளை உணவும், தண்ணீர், சாதாரணக் காப்பி, தேநீர் ஆகியவையும், நீச்சல் குளமும், மாலை வேளைகளில் நடக்கும் நாடகம், இசை முதலிய கேளிக்கைகளும் அடிப்படைக் கட்டணத்திலேயே அடங்கிவிடுகின்றன. மது, சோடா வகைகள், விசேஷ உணவகங்கள், இணையம், கரைச் சுற்றுலா, மசாஜ் நிலையம் ஆகியவற்றுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். இவற்றோடு, ஊழியர்களுக்கான டிப்ஸ் தொகையும் ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறுகிறது. நாளொன்றுக்கு 18 டாலர் என்று வைத்துக்கொண்டால், நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஏழு நாட்களில் அது 504 டாலராகும். இதை எவ்விதக் கூடுதல் சௌகரியமாகவும் கருதாமல், கட்டணத்தின் ஒரு பகுதியாகவே தொடக்கத்திலிருந்து கணக்கில் சேர்த்துக்கொள்வது உத்தமம்.

சௌகரியங்களை இப்படித் துண்டு துண்டாக விற்கும் முறைக்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து மக்களை ஏற்றிச் சென்ற பழைய கப்பல்களில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று பிரயாணிகள் பிரிக்கப்பட்டு, ஒரு வகுப்பினர் நடமாடும் தளத்தில் மற்றொரு வகுப்பினர் கால் வைக்க இயலாதபடி வேலிகள் இருந்தன. 1966-இல் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்குச் செல்லத் தொடங்கிய ‘சன்வர்ட்’ கப்பலும், அதன் பின்னர் 1970-களில் பெருகிய கரீபிய உல்லாசக் கப்பல்களும், எல்லோரும் ஒரே தளத்தில் உலாவும் விடுமுறை என்ற கருத்தைப் பரப்பின. வகுப்பு வேலிகள் மறைந்தன; அவை சுமந்திருந்த வேற்றுமை மாத்திரம் தனித்தனிப் பொருள்களாகப் பிரிக்கப்பட்டு விலைக்கு வந்தது. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதற்பிரயாணம் புறப்பட்ட ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ அறைக்கு இருவர் வீதம் 5,610 பேரை ஏற்றும் 20 தளக் கப்பல். அத்தகைய கப்பலில் இவ்வாறு விற்கத்தக்க பொருள்கள் எத்தனை இருக்கும் என்று வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். அக்கப்பலுக்கு உரிய ராயல் கரீபியன் குழுமம் 2023-இல் ஈட்டிய ஏறத்தாழ 1,390 கோடி டாலர் வருவாயில், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான தொகை டிக்கெட் அல்லாத வழிகளிலிருந்து வந்தது. டிக்கெட்டின் விலை குறைவாகத் தோன்றுவதற்கும் அழைப்புகள் இடைவிடாமல் வருவதற்கும் காரணம் இதுவே.

அறை: முதலில் முடிவு செய்ய வேண்டியது

எல்லா அப்கிரேடுகளிலும் பெரியது அறை மாற்றம். அதை முடிவு செய்ய மூன்று கட்டங்கள் உண்டு. முதல் கட்டம், பதிவு செய்யும் நாள். ஜனவரி முதல் மார்ச் வரை நிறுவனங்கள் சலுகைகளை வாரி வழங்கும் காலமாகையால், அப்போது உள்ளறைக்கும் பால்கனி அறைக்கும் இடையேயுள்ள வித்தியாசம் சில சமயம் வெகுவாகச் சுருங்கிவிடும். இரண்டாம் கட்டம், முழுப் பணத்தையும் கட்டவேண்டிய கெடு நாளுக்கு முந்திய காலம். நீண்ட பிரயாணங்களுக்கு இக்கெடு பெரும்பாலும் புறப்படுவதற்கு ஏறத்தாழ 3 மாதங்களுக்கு முன்னர் விழுகிறது. திரும்பப் பெறத்தக்க முன்பணம் கட்டியவர், அதற்குள் விலை இறங்கினால் புதிய விலைக்கு மாற்றித் தருமாறு கேட்கவோ, அதே பணத்துக்கு மேலான அறை கிடைக்குமா என்று விசாரிக்கவோ வழியுண்டு. கெடு கடந்த பின்னர் நிறுவனத்தின் தயவைத் தவிர வேறு பிடிமானம் இராது.

மூன்றாவது கட்டம், விற்காமல் எஞ்சிய நல்ல அறைகளை ஏலமுறையில் கேட்கும் காலம். ராயல் கரீபியன் நிறுவனத்தில் ‘ராயல்அப்’ என்றும், நார்வீஜியன் நிறுவனத்தில் ‘அப்கிரேட் அட்வான்டேஜ்’ என்றும் இது வழங்குகிறது. நாம் ஒரு தொகையைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கலாம். ஏற்கப்படும் வரை அதைக் கூட்டவோ குறைக்கவோ கைவிடவோ உரிமையுண்டு. ஏற்கப்பட்ட மறுகணமே பணம் எடுத்துக்கொள்ளப்படும், திரும்ப வராது. இங்கே இரு செய்திகளைக் கவனிக்க வேண்டும். காட்டப்படும் தொகை ஆள் ஒருவருக்குரியதாகையால், 150 டாலர் என்று கேட்டவர் அறைக்கு இருவர் என்னும் கணக்கில் 300 டாலர் கொடுக்க நேரிடும். அன்றியும், கிடைக்கும் அறை எந்தத் தளத்தில், எந்த மூலையில் இருக்கும் என்பது நம் கையில் இல்லை.

ஆகவே, ஏலத்தில் இறங்கத் தக்கவர் யார், தகாதவர் யார் என்பது எளிதில் விளங்கும். கப்பலின் அசைவு நடுப்பகுதியிலும் கீழ்த்தளங்களிலும் குறைவாகவும், முன்முனையிலும் மேல்தளங்களிலும் மிகுதியாகவும் உணரப்படும். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறையில் விடியற்காலையில் நாற்காலிகள் இழுபடும் சத்தமும், நடன அரங்குக்கு மேலுள்ள அறையில் நள்ளிரவு வரை இசையின் அதிர்வும் கேட்கும். கடல் வாந்திக்கு அஞ்சுபவரும், முதியோரை அழைத்துச் செல்பவரும், பக்கத்துப் பக்கத்து அறைகளில் தங்க வேண்டிய பெரிய குடும்பத்தாரும், வரைபடத்தைப் பார்த்துத் தாமே அறையைத் தேர்ந்துகொண்டு, பிறகு ஏலத்தின் பக்கம் திரும்பாதிருப்பதே நல்லது. எந்த மூலையாயினும் மகிழ்வோம் என்றிருக்கும் தம்பதியர், தொடக்கத்தில் இருந்த விலை வித்தியாசத்தை விடக் குறைந்த தொகையைக் கேட்டுவிட்டு, கிடைத்தால் நன்று, கிடைக்காவிட்டாலும் நன்று என்று காத்திருக்கலாம். அலாஸ்காவின் பனியாறுகளுக்கு நடுவிலோ நார்வேயின் கடற்கழிகளிலோ செல்லும் பிரயாணத்தில் பால்கனிக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. ஆனால் பெரும்பாலான நாட்களில் தீவுகளில் இறங்கிச் சுற்றும் கரீபியப் பிரயாணத்தில், அதே பணம் கரையில் அதிகப் பயன் தரக்கூடும்.

பானம், உணவு, இணையம்

பானப் பேக்கேஜுக்கு உரிய காலம், கப்பலேறுவதற்கு முந்திய மாதங்கள். கப்பலில் வாங்கும் விலையைவிட முன்கூட்டி வாங்கும் விலை பொதுவாகக் குறைவு. நவம்பர் இறுதி போன்ற விற்பனைக் காலங்களில் அது இன்னும் இறங்கும். முன்னரே வாங்கியவர், பிறகு விலை குறைந்ததைக் கண்டால், பிரயாணம் தொடங்குமுன் ரத்து செய்துவிட்டு மறுபடி வாங்கிக்கொள்ளும் வசதியும் பல நிறுவனங்களில் உண்டு. எனவே சுமாரான விலை கண்டபோதே வாங்கிவைத்து, எப்போதாவது ஒருமுறை விலையைப் பார்த்தால் போதும்.

எனினும் வாங்குவதா என்பதே முதற் கேள்வி. எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 70 டாலர் விலையுள்ள மதுப் பேக்கேஜுக்கு 18 சதவீதச் சேவைத் தொகை சேர்ந்தால் 82.60 டாலர், ஏழு நாட்களுக்கு 578.20 டாலர். ஒரு கோப்பை 12 டாலர் என்று கொண்டு, அதற்கும் அதே சதவீதத்தைச் சேர்த்தால் 14.16 டாலர். அப்படியானால் நாளொன்றுக்கு ஆறு கோப்பை அருந்தினால்தான் பேக்கேஜ் ஆதாயமாகும். பகல் முழுவதும் தீவில் கழியும் நாட்களுக்கும் இதே கணக்குத்தான். மேலும், ஒரே அறையில் தங்கும் பெரியவர்களுள் ஒருவர் வாங்கினால் மற்றவர்களும் வாங்கியாக வேண்டும் என்ற விதி பல நிறுவனங்களில் இருப்பதால், கணவர் அருந்தி மனைவி அருந்தாத குடும்பத்தில் இந்த விலை இரட்டிப்பாகிறது. அத்தகையோர் வேண்டியதை வேண்டியபோது தனித்தனியே வாங்கிக்கொள்வதே சிக்கனம்.

விசேஷ உணவகப் பேக்கேஜில் நம்மவர்கள், குறிப்பாகச் சைவ உணவினர், நிதானிக்க வேண்டும். இறைச்சிக்கும் மீனுக்கும் பெயர்பெற்ற உணவகத்தில் காய்கறி உண்பவரும் அதே விலையைக் கொடுக்கிறார். மாறாக, பிரதான உணவுக்கூடத்தில் முதல் இரவே தலைமைப் பரிமாறுநரிடம் சொல்லிவைத்தால், மறுநாள் முதல் இந்தியச் சைவ உணவு சமைத்துத் தரும் வழக்கம் பெரிய கப்பல்கள் பலவற்றில் உண்டு. அதற்குத் தனி விலை இல்லை. திருமண நாள், பிறந்த நாள் போன்ற விசேஷத்துக்காக ஒரே ஓர் இரவுக்கு மாத்திரம் தனி உணவகத்தில் இடம் பதிவு செய்துகொள்வது போதுமானது.

வைஃபையும் முன்கூட்டி வாங்கத் தக்கதே. குடும்பத்துக்கு ஒரு கருவிக்கான இணைப்பு போதுமா என்று முதலில் ஆலோசித்துக்கொள்க. இணைப்பு வாங்கினும் வாங்காவிடினும், கப்பல் கரையை விட்டு அகன்றதும் கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கப்பலின் செயற்கைக்கோள் வழித் தொலைபேசி இணைப்பு பற்றிக்கொண்டு, பெருந்தொகைக்குச் சீட்டு வந்து சேரும்.

கரைச் சுற்றுலா

கரைச் சுற்றுலாவில் பார்க்கவேண்டியது தூரமும் நேரமும். நிறுவனம் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தாமே வண்டி அமர்த்திக்கொண்டு போனவருக்காகக் காத்திராது. மெக்சிகோவின் கோசுமெல் தீவில் இறங்கி, படகேறிக் கடல் கடந்து, பிறகு சாலை வழியே துலும் நகரத்து மாயர் இடிபாடுகளைக் காணச் செல்பவர், நிறுவனத்தின் சுற்றுலாவில் செல்வதே விவேகம். செயின்ட் தாமஸ் தீவில் மேகன்ஸ் விரிகுடாக் கடற்கரைக்கு டாக்சியில் போய் வருவதற்கு அந்தக் காப்பு தேவையில்லை. கிராண்ட் கேமன் தீவின் ஜார்ஜ்டவுனில் கப்பல் நேராக அணையும் துறைமேடை இல்லாமையால் சிறு படகுகளில் இறங்க வேண்டும். அலை மிகுந்தால் அத்துறையே கைவிடப்படலாம். அப்போது நிறுவனத்துக்குக் கட்டிய சுற்றுலாப் பணம் திரும்பிவிடும். வெளியாருக்குக் கட்டியதைக் குறித்து முன்னமே கேட்டறிந்துகொள்ள வேண்டும். ராயல் கரீபியனின் தனிப் பயன்பாட்டுக்குரிய தீவான கோகோகேயில் மணற்கரையும் நாற்காலியும் பொது உணவும் இலவசம். நீர்ச்சறுக்குப் பூங்கா போன்றவற்றுக்குத் தனி விலை. விரைந்து விற்றுத் தீரும் இத்தகையவற்றை வேண்டுவோர் மாதங்களுக்கு முன்பே வாங்குவது அவசியம்.

விலைக்கு வாராத நிம்மதி

இவ்வளவும் செய்தும் நிம்மதி கிட்டாமற்போவதற்குக் காரணம், பெரும்பாலும், சில அடிப்படை ஏற்பாடுகளை மறப்பதே. கப்பல் புறப்படும் நாளன்று விமானத்தில் போய் இறங்குவதை விட்டு, முதல் நாளே துறைமுக நகரை அடைந்து ஓர் இரவு தங்குவது, எந்தப் பால்கனியையும்விட மதிப்பு வாய்ந்த செலவு. திரும்பும் நாளில் நண்பகலுக்குப் பிந்திய விமானத்தையே பதிவு செய்க. அமெரிக்காவிலிருந்து புறப்படும் இந்தியப் பிரயாணி, தம் விசா பலமுறை நுழைய இடந்தருவதுதானா என்று பார்த்துக்கொள்க. அயல் தீவுகளைத் தொட்டுவரும் கப்பலில் திரும்புவதும் மீண்டும் நுழைவதாகவே கணக்காகும். பெட்டிகள் அறைக்கு வந்துசேர மாலையாகலாமாதலால், மருந்து, பாஸ்போர்ட், மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்க. ஜூன் முதல் நவம்பர் வரை கரீபியத்தில் சூறாவளிக் காலம். விலை குறையும், வழித்தடம் மாறவும் கூடும். கப்பல் மருத்துவமனைச் செலவையும், அவசரமாகக் கரைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் ஏற்கும் காப்பீடு இன்றி எவரும் கடலில் இறங்கலாகாது.

அறையைப் பதிவு செய்யும்போதே தேர்ந்துகொள்க. பேக்கேஜ்களையும் சுற்றுலாக்களையும் கப்பலேறுமுன் வாங்குக. ஏலத்தில் நட்டம் பாராட்டாத தொகையை மட்டும் கேட்க. மிச்சமான பணத்தைக் காப்பீட்டுக்கும் முதல் நாள் தங்கலுக்கும் தயங்காமல் செலவிடுக. கப்பலில் ஏறிய பின், விற்பவர் எவ்வளவு இனிமையாக அழைத்தாலும், கரையில் குடும்பத்தாரோடு கூடிப் பேசி எடுத்த முடிவை மாற்றாதிருங்கள். வாங்கியதை முழுமனத்தோடு அனுபவியுங்கள். வாங்காததைப் பற்றி எண்ணாதிருங்கள்.