லென் 11 என்கிறது, நாம் எண்ணினால் 6!

இன்றைக்கு இன்ஸ்பெக்டர் பற்றிப் பேசலாம். போலீஸ் இல்லைங்க! புரோகிராம் ஓடும்போது ஒரு ஆப்ஜெக்ட்டுக்குள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து காட்டும் டூல்.

நமக்கு ஊர் திண்டுக்கல், அதனால் உதாரணமும் ஊர்ப் பேர்தான். பைதானில் ‘திண்டுக்கல்’ என்று கொடுத்து லென் போட்டுப் பாருங்க. 11 வரும். நாம் எண்ணினால் தி, ண், டு, க், க, ல் என்று 6 எழுத்துதான். பைதான் தப்பு பண்ணவில்லை. அது எண்ணுவது யூனிகோட் குறியீடுகளை. ‘தி’ என்பதில் த தனி, இகரக் குறி தனி. மெய்யெழுத்தில் புள்ளியும் தனி.

சரி, அதனால் என்ன? ஒரு ஃபார்மில் ஊர்ப் பெயருக்கு 10 இடம்தான் என்று வைத்துக்கொள்ளுங்க. பதினொன்றாவதாக வரும் கடைசிப் புள்ளி விழுந்து, ‘திண்டுக்கல’ என்று சேவ் ஆகிவிடும். ஊர் பேருக்குப் பதில் உங்க பேராக இருந்தால்? சர்டிஃபிகேட்டும் அடையாள அட்டையும் ஒத்துப்போகாது.

வழக்கமான டீபக்கர் அந்த ஸ்ட்ரிங்கை அப்படியே காட்டும். ஒரு புள்ளி குறைந்தது சட்டென்று கண்ணில் படாது. நமக்கு வேண்டியது எழுத்து எழுத்தாகப் பிரித்துக் காட்டும் பார்வை. அதை நாமே சேர்க்க முடியும் என்பதுதான் விஷயம்.

ஜூபிடர் நோட்புக்கில் பாண்டாஸ் டேட்டாஃப்ரேம் அழகான டேபிளாக வருகிறதே, எப்படி? ‘என்னை ஹெச்டிஎம்எல்லில் இப்படிக் காட்டு’ என்று சொல்லும் மெத்தட் அந்த ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்ட்ரிங் நாம் எழுதிய கிளாஸ் இல்லை. ஆனாலும் ஐபைதானின் ஃபார்மேட்டரில் அந்த டைப்புக்கென்று ஒரு ஃபங்ஷனைப் பதிவு செய்யலாம். தமிழை எழுத்தாகப் பிரிக்க ஓப்பன்-தமிழ் லைப்ரரியில் கெட்-லெட்டர்ஸ் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால், ஒரு வரிசையில் 6 எழுத்து, கீழே 11 குறியீடு. விழுந்த புள்ளி பளிச்சென்று தெரியும்.

இந்த யோசனையை இன்னும் தூரம் கொண்டுபோனது ஸ்மால்டாக் குடும்பம். ஃபாரோ மொழியில் எழுதிய கிளாமரஸ் டூல்கிட்டில், ஒரே ஆப்ஜெக்ட்டுக்கு எத்தனை பார்வை வேண்டுமானாலும் சின்னச் சின்ன மெத்தடாகச் சேர்க்கலாம். ஒவ்வொன்றும் தனி டேபாக வரும்.

டூல் எழுதினவருக்கு நம்ம புள்ளியின் அருமை தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரியும், நாம் சேர்ப்போம். முதலில் உங்க பேரைக் கொடுத்து லென் போட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.